வெள்ளியா, முலாமா? பழைய கரண்டிகளின் முத்திரைகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: என் கரண்டிக் காம்பின் பின்புறம் ஒரு சிங்கம், ஒரு கேடயம், அடுத்தடுத்த கட்டங்களில் 'இ.பி.என்.எஸ்' என்ற ஆங்கில எழுத்துகள். சிங்கம் இருந்தால் வெள்ளி என்கிறார்களே?

பதில்: சிங்கத்தை விட்டுவிட்டு எழுத்துகளைப் படியுங்கள். நிக்கல் வெள்ளியின் மேல் மின்முலாம் பூசியது என்பதன் சுருக்கம் அது. நிக்கல் வெள்ளி என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். நாம் ஜெர்மன் சில்வர் என்போமே, அதுதான். வெள்ளி பெயரோடு சரி. 1840இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்தச் சரக்கு பெருகியது. தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் சின்னங்களை அசல் முத்திரைபோலவே வரிசையாகக் கட்டம் கட்டி அடித்தார்கள். வாங்குபவர் ஏமாந்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை. 'ஏ1' என்று கண்டாலும் மகிழ வேண்டாம். அது முலாமின் தரத்தைச் சொல்வது.

கேள்வி: பெரிய மேசைக்கரண்டி. வலப்புறம் பார்க்கும் மன்னர் தலை, சிங்கம், சிறுத்தை முகம், சிறிய 'எம்' எழுத்து. எந்த ஆண்டு?

பதில்: இதுதான் கேள்வி! சிறுத்தை முகம், வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் சோதனைக் கூடத்தின் சின்னம். மன்னர் தலை வரி கட்டியதற்கான அடையாளம். 1784 முதல் 1890 வரைதான் அடித்தார்கள். ஆக, எல்லைகள் கிடைத்துவிட்டன. லண்டனில் ஆண்டெழுத்து, அதாவது முத்திரையிட்ட ஆண்டைக் குறிக்கும் எழுத்து, அப்போது இருபது எழுத்துகள் கொண்ட சுற்று. முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றிவிட்டு மீண்டும் 'ஏ'யில் தொடங்குவார்கள். சிறிய 'எம்' 1787இலும் வரும், 1827இலும் வரும். நாற்பது ஆண்டு இடைவெளி!

இப்போது லென்ஸை எடுத்துச் சிறுத்தையின் தலையைப் பாருங்கள். கிரீடம் இருந்தால் 1787. 1821இல் லண்டன் சிறுத்தை கிரீடத்தை இழந்தது. அதே ஆண்டில் சிங்கமும் மாறியது: அதற்கு முன் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும், பிறகு தான் நடக்கும் திசையையே பார்க்கும். உங்கள் படத்தில் சிறுத்தை மொட்டைத் தலையாக இருக்கிறது, சிங்கம் பக்கவாட்டில் பார்க்கிறது. எனவே 1827. அந்தக் காலத்தில் எழுத்து மே மாத இறுதியில் மாறியது என்பதால் 1827-28 என்று எழுதி வைப்பதே சரி.

கேள்வி: 'எச் பி' என்று இருக்கிறது, பக்கத்தில் இடப்புறம் பார்க்கும் விக்டோரியா ராணியின் தலை. லண்டன் வெள்ளிக் கலைஞர் ஹெஸ்டர் பேட்மன் செய்ததுதானே?

பதில்: இல்லை. பேட்மன் தன் முத்திரையைப் பதிந்தது 1761இல், தொழிலிலிருந்து ஒதுங்கியது 1790இல். விக்டோரியா அரியணை ஏறியது 1837இல். இரண்டு எழுத்துகள் யாருக்கும் பொருந்தும். பெயரைத் தேடும் முன் ஊரையும் ஆண்டையும் உறுதி செய்யுங்கள்.

கேள்வி: '90' என்றும் '45' என்றும் பொறித்த ஜெர்மன் கரண்டி. தொண்ணூறு சதவீத வெள்ளி என்று விற்றார்கள்.

பதில்: விற்றவருக்குத் தெரிந்தே இருக்கும். அது மாற்று அல்ல, முலாமின் எடை: 24 சதுர டெசிமீட்டர் பரப்பில் 90 கிராம் வெள்ளி பூசியிருக்கிறது என்று பொருள். '45' என்பது அந்த வகைக் கரண்டி ஒரு டஜனுக்குச் செலவான வெள்ளியின் கிராம் கணக்கு. ஜெர்மன் வெள்ளி என்றால் '800' போன்ற மூன்று இலக்க எண் இருக்கும். 1888 முதல் பிறையும் கிரீடமும் கூடவே வரும்.

கேள்வி: ரஷ்யக் கரண்டியில் '84'. இதுவும் முலாம்தானா?

பதில்: அவசரப்படாதீர்கள், இது நல்ல வெள்ளி. பழைய ரஷ்யக் கணக்கில் சுத்த வெள்ளி 96 சொலோத்னிக். 84 என்றால் 87.5 சதவீதம்.

கேள்வி: முத்திரையே இல்லை. காந்தம் ஒட்டவில்லை. வெள்ளி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஜெர்மன் சில்வரும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. முதலில் கரண்டியைக் கவிழ்த்து, குழியின் அடிப்புறத்தில் மேசையில் உரசும் இடத்தைப் பாருங்கள். முலாம் என்றால் அங்கேதான் முதலில் தேயும். ஓரம் மங்கிய வெள்ளையாகவும் நடுவில் மஞ்சளோடிய சாம்பல் நிறமாகவும் ஒரு திட்டு தெரியும்.

அப்படி எதுவும் தெரியாவிட்டால் தராசு போதும். கரண்டியை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு குவளை நீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, கரண்டியை நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். குவளையைத் தொடக் கூடாது. முதல் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 60 கிராம் கரண்டி 5.8 காட்டினால் 10.3, ஸ்டெர்லிங்கை (92.5 சதவீத வெள்ளி) ஒட்டிய அளவு. 6.9 காட்டினால் 8.7, ஜெர்மன் சில்வர். எக்ஸ்ரே கருவியில் காட்டினாலும் சரி, ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். கனத்த முலாம் அதையும் ஏமாற்றிவிடும். நைட்ரிக் அமிலத்தை வீட்டில் தொடவே தொடாதீர்கள். கரண்டியும் கெடும், கையும் கெடும்.

கேள்வி: 1790களின் முத்திரை, ஆனால் குழி முழுக்கப் புடைப்பாகப் பழங்கள், காம்பில் பூ வேலை. போலியா?

பதில்: வெள்ளியும் முத்திரையும் அசலாக இருக்கலாம், வேலைப்பாடு பின்னால் வந்தது. வெற்றாக இருந்த பழைய மேசைக்கரண்டிகளை விக்டோரியா காலத்தில் இப்படித் தட்டி அலங்கரித்து, பழக்கரண்டி என்று விற்றார்கள். எனக்கு அந்த வகை பிடிக்காது. நேர்த்தியான ஒரு கரண்டியைக் கெடுத்த வேலை என்றே நினைக்கிறேன். விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: முத்திரை கறுத்துப்போய்ப் படிக்கவே முடியவில்லை. நன்றாகத் தேய்த்துவிட்டுப் படம் அனுப்பட்டுமா?

பதில்: தேய்க்காமல் அனுப்புங்கள். பள்ளத்தில் தங்கிய கறுப்புதான் எழுத்தை எடுத்துக் காட்டுகிறது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, வரிசை முழுவதும் தெரியும்படி ஒரு படம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம், குழியின் அடிப்புறம் ஒன்று. படத்தில் காம்பை வெட்டிவிட்டு முத்திரையை மட்டும் அனுப்பாதீர்கள். குழியருகே அடித்திருக்கிறதா, காம்பின் நுனியருகே அடித்திருக்கிறதா என்பதும் எனக்கு வேண்டும். குழியருகே என்றால் பெரும்பாலும் 1780களுக்கு முந்தியது.