கூரு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நோய் பரப்பும் புரதமான பிரியானைப் பற்றி அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி ப்ரூசினர் 1982ல் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, அதைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கூரு என்ற பிரியான் மூளை நோயைப் பற்றிய முதல் பகுதியை இணைத்துள்ளேன். வெறும் புரதம் நோயைப் பரப்புவதை எளிமையாகச் சொல்வது எப்படி? அப்புறம், இதையெல்லாம் படித்ததிலிருந்து அம்மா செய்யும் ஆட்டு மூளை வறுவல் தொண்டையில் இறங்கவில்லை. லண்டனில் படித்த அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

கவிதா

அன்புள்ள கவிதா,

அப்பா சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. செம்மறியாடுகளுக்கு வரும் ஸ்க்ரேப்பி என்ற பிரியான் நோயை 200 ஆண்டுகளுக்கு மேலாக அறிவார்கள். அது மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை. கொழுப்புக்குப் பயந்து வேண்டுமானால் குறையுங்கள். புரதக் கேள்விக்கும் ஒரு வரிதான்: தப்பாக மடிந்த புரதம், பக்கத்திலுள்ள அதே புரதத்தையும் தப்பாக மடிய வைக்கிறது. உவமை தேடி அலையாதீர்கள்.

உங்கள் இரண்டாம் பத்தியில் "நரமாமிசம் தின்ற காட்டுமிராண்டிகளான ஃபோரே மக்கள்" என்று வருகிறது. அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. இவ்வளவு படித்த பிள்ளைக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தோட்டத்துத் துரைகள் நம் தாத்தாக்களைப் பேசிய பேச்சு இது.

பாப்புவா நியூ கினியின் கிழக்கு மேட்டுநிலத்தில் வாழ்பவர்கள் ஃபோரேக்கள். செத்தவரைப் புழு தின்பதைவிட, அவர்மேல் பாசம் வைத்தவர்கள் தின்பது மேல் என்று நினைத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம் உண்டார்கள், நடுங்கிச் செத்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. 1957ல் கஜ்டுசெக், ஜிகாஸ் என்று இரண்டு மருத்துவர்கள் இந்தக் கூரு நோயைப் பற்றி எழுதினார்கள். குடும்பம் குடும்பமாகச் சாகிறார்களே, பரம்பரை நோயாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வலுத்தது.

1961ல் ஷர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்று இரண்டு மானுடவியலாளர்கள் அங்கே போனார்கள். உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். ஃபோரேக்கள் சொந்தம் என்று சொன்ன பலருக்கும் நடுவே இரத்த உறவே இல்லை! பரம்பரைக் கணக்கு ஆட்டம் கண்டது. பிணம் தின்னும் வழக்கம் அண்மையில் வந்தது, அதற்குப் பிறகுதான் கூரு வந்தது என்பதும் பெரியவர்களின் நினைவிலிருந்தே கிடைத்தது.

இதில் எனக்கு வியப்பே இல்லை. நிபோங் திபால் பக்கம் தோட்ட லயத்தில் வளர்ந்தவன் நான். பாட்டியைப் பினாங்கில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இனிப்பு நீர் இருக்கிறதா?" என்றார் இளம் டாக்டர். பாட்டி சந்தோஷமாக அடுக்கியது: அண்ணனுக்கு, தங்கச்சிக்கு, மூத்த மதினிக்கு, மதினி மகனுக்கு. அந்த அண்ணன் எதிர்வீட்டுத் தெலுங்கர். தங்கச்சி மலையாளி. டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் வாய் திறந்ததும், "நோயாளி பேசட்டும்" என்று அதட்டினார். சரி என்று விட்டுவிட்டேன். பாட்டிக்கு அப்படியொரு பலமான பரம்பரை நோய் ஏற்பட்டது. அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். லிண்டன்பாம் கேட்டார்.

கூரு தொற்றும் நோய் என்பது 1966ல் சிம்பன்சிகளில் உறுதியானது. கஜ்டுசெக்குக்கு 1976ல் நோபல், ப்ரூசினருக்கு 1997ல். அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

காட்டுமிராண்டி விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் மாட்டுக்கே மாட்டின் இறைச்சி எலும்புத் தூளைத் தீவனமாகப் போட்டார்கள். பாசத்துக்காக இல்லை, செலவைக் குறைக்க. 1986ல் மாடுகளிடம் பைத்திய மாட்டு நோய் என்ற பிரியான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1996ல் அது மனிதருக்கும் வந்தது தெரிந்தது. அந்த நாட்டில் மட்டும் 178 பேர் செத்தார்கள். 1980 முதல் 1996 வரை பிரிட்டனில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தீர்களா என்று நம் ஊர் இரத்த தானப் படிவத்திலும் கேட்டார்கள். உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலேயரைக் காட்டுமிராண்டி என்று உங்கள் கட்டுரை எங்கும் சொல்லவில்லையே, ஏன்?

இன்னொன்று. கூருவிலிருந்து தப்பிய ஃபோரேக்கள் சிலரின் பிரியான் புரதத்தில், 127ஆம் இடத்தில் ஒரு மாற்றம் இருப்பதை 2009ல் கண்டார்கள். 2015ல் எலிகளுக்கு அந்த மாற்றத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மரபணுவின் இரண்டு பிரதியிலும் அது இருந்த எலிகளை, சோதித்த எந்த மனிதப் பிரியானாலும் தொட முடியவில்லை. இதை முதல் பத்தியாக வைத்து மறுபடி எழுதி அனுப்புங்கள். ப்ரூசினர் மூன்றாம் பக்கத்தில் வரட்டும்.