வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஐம்பொன் சிலை கிடைத்தால் அது யாருக்குச் சொந்தம்?

"என் நிலம், என் சிலை" என்று வைத்துக்கொள்ள முடியாது. இதற்கென்று 1878-இல் வந்த இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் (வெள்ளைக்காரன் காலத்துப் பத்து ரூபாய், இன்று ஒரு டீக்குக்கூடப் போதாது). என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் அவர்களே மேலே கொண்டுபோவார்கள்.

மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பங்கும் அரசுக்குப் போய்விடும்.

ஆம், பங்கு உண்டு. உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும். சோழர் காலச் சிலைக்கு உலோக விலை! இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பலர் வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தஞ்சை கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தியும் மண்ணுக்குள்ளிருந்து வந்தவர்தான்.