கிழங்கு விளைந்த மண்ணில் காட்டு மரம்: டொலமைட் போடலாமா?

கேள்வி: பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் இடையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் தேயிலை, பிறகு நீண்ட காலம் உருளைக்கிழங்கும் கோவாவும். கீழேயுள்ள ஊற்று வற்றத் தொடங்கியதால் மேல்பாதியைக் காடாக்க நினைத்து, போன வருடம் கீன, காட்டுச் சண்பகம் என்ற மலைக்காட்டு மரங்களின் கன்றுகள் நட்டோம். பாதி செத்துவிட்டது, மீதி மஞ்சளடித்து நிற்கிறது. டொலமைட் சுண்ணாம்பும் கோழி எருவும் போட்டால் மண் தேறுமா? எத்தனை வருடம் பிடிக்கும்?
— ஓர் ஆசிரியை

பதில்: இரண்டையும் போடாதீர்கள், டீச்சர். மண் கெட்டுப்போனது என்றதும் உரமூட்டையைத் தேடுவது நம் ஊர்ப் பழக்கம். காட்டு மரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

மலைநாட்டு மண் இயல்பிலேயே புளிப்பு மண். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும்; தேயிலைக்கே அது 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். கீனயும் காட்டு நாவலும் அப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்து பழகியவை. சுண்ணாம்பு புளிப்பைக் குறைக்கும். உங்கள் நிலத்தில் கோவாவுக்காகப் பல வருடம் அது விழுந்திருந்தால், பி.எச். காட்டுக்குத் தேவையானதைவிடக் கூடியே இருக்கும். கோழி எரு அதைவிட மோசம். மரக்கறித் தோட்டங்களில் வருடக்கணக்காகக் கொட்டிய எருவும் டி.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் உரமும் விட்டுப்போன பொஸ்பரஸ் மழையில் லேசில் கரைந்து போகாது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அது மிதமிஞ்சினால் மரவேரோடு கூட்டுச் சேரவேண்டிய பூஞ்சை ஒதுங்கிவிடும். கொழுத்த மண்ணில் முதலில் எழும்புவது கினிப்புல்தான், கீன இல்லை. ஒரு தடவை மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து பி.எச்., பொஸ்பரஸ் இரண்டையும் பார்த்துவிடுங்கள். எருவுக்குக் கொடுக்கும் காசில் அது சின்னத் தொகை.

அப்படியானால் கன்றுகள் ஏன் மஞ்சளடித்தன? மழை விட்ட மறுநாள் ஓர் அலவாங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஓரிடத்தில் ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரைத் தண்ணீர் விட்டு மெல்லக் கழுவுங்கள். வருடாவருடம் மண்வெட்டி எட்டிய ஆழம் வரை மண் பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே நகம் இறங்காத ஒரு தட்டு தெரிகிறதா? செத்த கன்றொன்றைப் பிடுங்கினால் அதன் வேர் அந்தத் தட்டில் முட்டிப் பக்கவாட்டில் மடங்கி ஓடியிருக்கும். வேர் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தால் குற்றம் மண்ணில் இல்லை, நாற்று மேடையில். பிறகு அடியும் மூடியும் வெட்டிய பால்மா டின் ஒன்றை மண்ணில் அழுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். அதையே பக்கத்தில் ஏதாவது பழைய மரத்தடியிலும் செய்து, எது முதலில் வற்றுகிறது என்று பாருங்கள். உங்கள் நிலத்தில் தண்ணீர் மெதுவாக இறங்கினால், மழை மண்ணுக்குள் போகாமல் மேலோடு ஓடிவிடுகிறது என்று அர்த்தம். ஊற்று வற்றிய காரணத்தில் பாதி அந்த டின்னுக்குள்ளேயே தெரியும்.

தட்டு இருந்தால் நிலம் முழுவதையும் கொத்திப் புரட்ட வேண்டாம். சரிவில் அப்படிச் செய்தால் மிஞ்சிய மேல்மண்ணும் ஆற்றோடு போய்விடும். நடும் குழியின் அடியை மட்டும் அலவாங்கால் உடைத்துவிடுங்கள். மற்ற இடத்தை வேர் பார்த்துக்கொள்ளும்.

அந்த வேர் எங்கிருந்து வரும்? தோட்டங்களில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடுகை செய்யுமுன் ஒன்றரை, இரண்டு வருடம் மானாப்புல்லோ குவாத்தமாலா புல்லோ வளர்த்து, வெட்டி வெட்டி நிலத்திலேயே போடுவார்கள். புல்லின் அடர்ந்த வேர் மண்ணைச் சிறு சிறு உருண்டைகளாக்கிப் பொலபொலப்பாக்கும், வெட்டிப் போட்ட புல் மக்கி மண்ணில் சேரும். உங்கள் நிலத்தில் மானா தானாக முளைத்திருந்தால் அதை எதிரியாக நினைக்காதீர்கள். கன்றைச் சுற்றி இரண்டு முழம் மட்டும் துப்புரவாக்கி, வெட்டிய புல்லைத் தண்டில் படாமல் மூடாக்காகப் போடுங்கள். மரத்தூள் வேண்டாம், மக்குவதற்காக அது மண்ணின் நைதரசனை இழுத்துக்கொள்ளும். கன்று இன்னும் வெளுக்கும். ஆனால் ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது மானா ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். எல்லையில் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்பு விடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இன்னொன்று, எதை முதலில் நடுவது என்ற வரிசையே தலைகீழ். கீன போன்றவை நிழலில் முளைத்து நிதானமாக மேலே வருபவை. மொட்டை வெயிலிலும் அந்தக் காற்றிலும் வைத்தால் எந்த எருவும் காப்பாற்றாது. முதலில் வரவேண்டியவை கெந்த, கடும்ப, பொம்பு மாதிரி அவசரக்கார மரங்கள். இலையை அள்ளிக் கொட்டும், பழத்துக்குக் குருவி வரும், குருவியோடு வேறு விதையும் வரும். இடையிடையே முள்முருக்குக் கம்பு ஊன்றிக் கிளையை வெட்டிப் போட்டால் நைதரசனும் சேரும். மிராவத்தைப் பக்கம் பெலிபொலவில் சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க பல தசாப்தங்களுக்கு முன் தொடங்கிய காட்டைப் போய்ப் பாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். மூலையில் பழைய தேயிலைத் தூர்கள் மிஞ்சியிருந்தால் பிடுங்க வேண்டாம். கவ்வாத்து வெட்டாமல் விட்டாலே மரமாகி நிழல் தரும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைத் தேக்கினால் ஊற்று பெருகும் என்று பழைய வடிகான்களை மண்போட்டு மூட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாம் மறக்கவில்லை. செங்குத்தான சரிவில் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். கானுக்குள் அங்கங்கே கல் அடுக்கி ஓட்டத்தின் வேகத்தை மட்டும் குறையுங்கள். நிலத்தில் வெடிப்போ சாய்ந்த மரமோ கண்டால் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

எத்தனை வருடம்? நன்றாக மூடி வைத்தால் சில வருடங்களில் மண்புழுவும் சருகுப் படுகையும் வந்துவிடும், டின் தண்ணீரும் சீக்கிரம் இறங்கும். இழந்த கரிமம் திரும்பப் பல தசாப்தங்கள். ஊற்றைப் பற்றி உறுதி சொல்லமாட்டேன். வளரும் மரம் தண்ணீர் குடிக்கும், ஆரம்பத்தில் ஊற்று இன்னும் இளைக்கவும் கூடும். மேலே யூக்கலிப்டஸ் நின்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

வரும் ஒக்டோபர் மழைக்குக் கீன வாங்காதீர்கள். கெந்தவும் முள்முருக்கும் நட்டு, அவை தலைக்கு மேல் போனபின் அவற்றின் நிழலில் கீனயை வையுங்கள். இப்போது மஞ்சளாக நிற்பவற்றுக்கு மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டிவிடுங்கள்.