இறைச்சிக்கடை வரிசை

அன்புள்ள ஐயா,

1956இல் புடாபெஸ்டில் மக்கள் ஸ்டாலின் சிலையைச் சாய்த்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பீடத்தில் பூட்ஸ் மட்டும் மிஞ்சி நின்றது என்று படித்தபோது சிலிர்த்தது. பிராக் நகரில் அதைவிடப் பெரிய சிலை இருந்ததாமே? அதையும் மக்கள்தான் தகர்த்தார்களா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. சிலை வைத்தவர்களேதான் வெடியும் வைத்தார்கள்.

அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக்கில், வல்டாவா ஆற்றை ஒட்டிய லெட்னா குன்றில், நகரத்தைப் பார்த்தபடி நின்றது அது. பதினைந்தரை மீட்டர் உயரம், 22 மீட்டர் நீளம், கருங்கல். முன்னால் ஸ்டாலின். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பக்கம் சோவியத் மக்கள், மறுபக்கம் செக்கோஸ்லோவாக்கியர். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒருவர் பின் ஒருவராக, எதற்கோ காத்திருப்பது போலவே இருக்கும். பிராக்வாசிகள் விடுவார்களா? ‘இறைச்சிக்கடை வரிசை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கடைகளில் இறைச்சி எளிதில் கிடைக்காத காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையிலும் தலைவர்தான் முதல் ஆள்!

வடித்த சிற்பி ஓட்டகர் ஷ்வெட்ஸ் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பு தற்கொலை செய்துகொண்டார். அவர் மனைவி அதற்கும் முன்பே அப்படித்தான் போய்ச் சேர்ந்திருந்தார். இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

1955 மே 1 அன்று திறந்தார்கள். ஸ்டாலின் இறந்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது. பத்து மாதம்கூட முடியவில்லை, மாஸ்கோவில் புதிய சோவியத் தலைவர் குருசேவ் அவரது குற்றங்களைப் பட்டியலிட்டுவிட்டார். அப்படியும் பிராக்கில் சிலையைத் தொடவில்லை. 1952இல் தன் முன்னாள் பொதுச்செயலாளர் ஸ்லான்ஸ்கி உள்ளிட்ட சொந்தத் தோழர்களையே வழக்குப் போட்டுத் தூக்கிலிட்ட கம்யூனிஸ்ட் கட்சி அல்லவா, ஸ்டாலினைக் குற்றவாளி என்றால் அடுத்த கேள்வி யாரை நோக்கி வரும்? 1961இல் மாஸ்கோ சமாதியிலிருந்து ஸ்டாலின் உடலையே அகற்றிய பிறகுதான் வேறு வழியில்லாமல் போயிற்று.

1962 நவம்பரில் சுமார் 800 கிலோ வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். படம் எடுக்கத் தடை. திறப்புக்குக் கூட்டம் திரட்டியவர்கள் உடைப்பதை ஒளித்துச் செய்தார்கள். புடாபெஸ்டில் கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களுக்குக் கிடைத்த நிறைவு பிராக்வாசிகளுக்குக் கிடைக்கவில்லை.

பீடம் இன்றும் இருக்கிறது. 1991இலிருந்து அதன்மேல் இசைக்குத் தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோம் ஒன்று, பிரம்மாண்டமான வடிவில் ஆடுகிறது. கீழே கல்தளத்தில் பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வாயில் வரும் பெயர் இன்னமும் ‘ஸ்டாலின்’தான்.