டெக், டேப், பழைய டிவி: ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

பழைய டிவி நகைச்சுவை நாடகங்களைப் பதிந்து வைத்த வீடியோ கேசட்டுகள், அவற்றை ஓட்டும் 'டெக்' (விசிஆர்) போன்ற கருவிகள் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த வாரம் பதில். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

இணைய விளம்பரம் பார்த்து ஒருவர் வீட்டில் 6,500 ரூபாய்க்கு டெக் வாங்கினேன். 'நல்ல வொர்க்கிங் கண்டிஷன்' என்று போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டால் பத்து விநாடி படம் வந்தது, பிறகு டேப்பைக் கடித்துவிட்டது. 1986-ல் தூர்தர்ஷனில் பதிந்த நாடகம் அதில்தான் இருக்கிறது. – மஞ்சக்குப்பம்

வேறு பிரதி இல்லாத கேசட்டை, முன்பின் தெரியாத டெக்கில் போடலாமா? போனால் போகட்டும் என்கிற ஒரு கல்யாண கேசட்டை முதலில் போட்டிருக்க வேண்டும்.

'வொர்க்கிங் கண்டிஷன்' என்று எழுதியிருந்தால், பிளக் சொருகினால் விளக்கு எரியும் என்பதற்கு மேல் எதையும் நம்பாதீர்கள். டெக்கில் முதலில் கெடுவது ரப்பர். படத்தைப் படிக்கும் 'ஹெட்' பொருந்திய டிரம் சுழலும்; அதைச் சுற்றி வரும் டேப்பை மறுபக்கச் சக்கரம் உடனுக்குடன் சுருட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சக்கரத்தைத் திருப்பும் பெல்ட்டோ, ஐட்லர் டயர் என்ற ரப்பர் வளையமோ காய்ந்து வழுக்கினால், டேப் சுருளாமல் உள்ளே குவிகிறது. டெக் 'கடிப்பது' பெரும்பாலும் இதனால்தான். இரண்டையும் மாற்றினால் பல டெக்குகள் பிழைத்துக்கொள்ளும்.

கேசட் இன்னும் உள்ளே இருந்தால் எஜெக்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, மேல்மூடியைக் கழற்றி, டேப்பை உள்ளே இழுக்கும் லோடிங் மோட்டாரின் புல்லியைக் கையால் திருப்பினால் டேப் மெல்ல விடுபடும். கசங்கிய பகுதியை மட்டும் வெட்டி, டேப் ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப்பால் ஒட்டலாம். சாதா செல்லோடேப் வேண்டாம், அதன் பசை கசிந்து ஹெட்டில் ஏறும். சாதாரண வேகத்தில் ஒரு விநாடிக்கு ஓடும் டேப் 2.3 செ.மீ.தான். ஒரு சாண் வெட்டினாலும் பத்து விநாடிக்குள் போகும், மீதி நாடகம் பத்திரம்.

அடுத்த முறை வாங்கும்போது விற்பவர் வீட்டிலேயே பத்து நிமிடம் ஓட்டுங்கள். முன்னே ஓட்டி, பின்னே ஓட்டி, நிறுத்தி, வெளியே எடுத்து, கேசட்டின் மடிப்பைத் தூக்கி டேப்பின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். படம் முழுக்க மழை பெய்தால் ஹெட் அழுக்கு அல்லது தேய்மானம். அழுக்கானால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோலை (நூல் உதிராத மென்தோல்) டிரம்மில் அசையாமல் வைத்து, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் முனை உடையும். பஞ்சுக் குச்சி கூடவே கூடாது.

பணம் திரும்புமா என்றால், வியாபாரம் செய்யாத தனிநபர் தன் வீட்டுப் பொருளை விற்றதை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக முடியாது. கடையில் பில்லோடு வாங்கியிருந்தால் வழி உண்டு.

சண்டே மார்க்கெட்டில் டூ-இன்-ஒன் (ரேடியோவோடு சேர்ந்த ஆடியோ கேசட் செட்) வாங்கினேன், 800 ரூபாய். அங்கே ஓட்டிப் பார்க்கவில்லை. பாட்டு வேகமாக ஓடுகிறது. – அரியாங்குப்பம்

சண்டே மார்க்கெட் கூடும் காந்தி வீதிக்குப் போகும்போது பேட்டரியும் ஒரு கேசட்டும் பையில் இருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்காததற்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது. பல செட்டுகளில் மோட்டாரின் பின்புறச் சிறு துளைக்குள் வேகத் திருகு இருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் துளித்துளியாகத் திருப்பிப் பாருங்கள்.

2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் வந்து வீடியோ கேசட்டுகள் நனைந்தன. அப்படியே காயவிட்டு எடுத்து வைத்தேன். இப்போது கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளையாக நூல் நூலாகத் தெரிகிறது. டெக்கில் போடலாமா? – கடலூர்

போடாதீர்கள். அது பூஞ்சை. டெக்கில் போட்டால் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். முதலில் இவற்றைத் தனிப் பையில் பிரித்து வையுங்கள்.

கேசட்டின் அடியில் ஐந்து திருகுகள் இருக்கும். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் திறங்கள். திறந்ததும், எதையும் எடுக்கும் முன், டேப் எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண் படிந்த கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு ரீலையும் வேறொரு சுத்தமான கூட்டுக்கு மாற்றுங்கள். சுருளின் பக்கவாட்டில் உள்ள பூஞ்சையை மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே டேப்பின் இருபுறமும் துணி படும்படி விடுங்கள். அடுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், பழுப்புப் பூச்சு உரிந்து வந்துவிடும். படமே அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அந்த நிலையில் உள்ளதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது இரண்டுமே டேப்பை நெளியவைக்கும். இன்னொரு வெள்ளம் வந்தால், சேற்றுத் தண்ணீரில் நனைந்ததை அப்படியே காயவிடாமல் சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மின்விசிறிக் காற்று வரும் நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் புழுக்கம் எப்போதும் உண்டு. அதனால் கேசட்டை முழுக்க ரீவைண்ட் செய்து, மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு நிமிர்த்தி வையுங்கள். தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டில் வைக்கவே வேண்டாம்.

1980-களில் வாங்கிய கலர் டிவி இன்னும் எரிகிறது. மாடியில் ஆன்டெனா கட்டினால் தூர்தர்ஷன் வருமா? டிவியில் ஆன்டெனா சொருகும் துளை மட்டும்தான் இருக்கிறது. – நெல்லிக்குப்பம்

வராது. தரைவழி அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள், ஆன்டெனாவுக்குச் செலவு செய்யாதீர்கள். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வையுங்கள். அதன் பாக்ஸிலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை வயர்களை டெக்கின் ஏவி இன்னில் கொடுத்து, டெக்கின் ஆர்.எஃப். அவுட்டிலிருந்து டிவியின் ஆன்டெனா துளைக்கு ஒரு கேபிள் இழுத்தால் போதும். டெக்கை ஏவி-யில் வைத்துவிட்டு, டிவியில் படம் கிடைக்கும்வரை சேனலைத் தேடி நிறுத்துங்கள். டெக் இல்லையென்றால், அதே வேலையைச் செய்யும் சின்னப் பெட்டியை ஆர்.எஃப். மாடுலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

தூசி தட்டுகிறேன் என்று டிவியின் பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். கலர் பிக்சர் டியூபுக்குப் போவது 25,000 வோல்ட் அளவு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

'80, 90-களின் காமெடி நாடகங்கள் முழுத் தொகுப்பு, 2 டிபி பென்டிரைவ் 999 ரூபாய்' என்ற விளம்பரத்துக்குப் பணம் அனுப்பிவிட்டேன். பாதி ஃபைல் திறக்கவில்லை. – லாஸ்பேட்டை

அந்த விலைக்கு 2 டிபி பென்டிரைவே கிடையாது. சின்ன கொள்ளளவை 2 டிபி என்று கணினிக்குப் பொய்யாகக் காட்டும் சரக்கு அது. உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பிறகு எழுதியதெல்லாம் காற்றில் போய்விடும். உள்ளே இருக்கும் நாடகங்களும் உரிமை இல்லாமல் எடுத்தவை. தூர்தர்ஷன் தன் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றைத் தானே யூடியூபில் இலவசமாகப் போடுகிறது. விற்றவர் யார், முகவரி எது என்றே தெரியாவிட்டால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள், இன்றே.

என் கணவர் 80-களில் டிவி நகைச்சுவை நாடகம் ஒன்றில் சின்ன வேடத்தில் நடித்தார். வீட்டு டெக்கில் பதிந்தோம். அவர் காலமான பிறகு நான்கு கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்தேன். '4கே தரத்தில் மாற்றித் தருகிறோம்' என்று ஒரு கேசட்டுக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். வந்த படத்தில் எல்லோரும் குண்டாக இருக்கிறார்கள், உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கேசட்டைக் கேட்டால் 'இனி எதற்கு, குப்பையில் போட்டுவிட்டோம்' என்கிறார்கள். – முத்தியால்பேட்டை

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஒப்படைத்த பொருளைக் கேட்காமல் குப்பையில் போட எந்தக் கடைக்கும் உரிமை இல்லை.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பணத்தைப் பற்றிப் பேசும் முன்னால், கடைக் கணினியின் ஹார்ட் டிஸ்கில் மாற்றும்போது பதிவான மூல ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள். அழித்துவிட்டோம் என்றாலும், அதன்மேல் வேறெதுவும் எழுதப்படாதவரை மீட்க வாய்ப்புண்டு. அதனால் இதில் நாள் கடத்தக் கூடாது. அவர்கள் படத்தைப் போட்டுக் கொடுத்த பென்டிரைவை வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். முகம் குண்டாகத் தெரிவது, 4:3 அளவுள்ள பழைய படத்தை இன்றைய அகலத் திரையின் 16:9-க்கு இழுத்ததால். விஎல்சி பிளேயரில் படவிகிதத்தை 4:3 என்று மாற்றினால் அவர் முகம் பழையபடி தெரியும். பேச்சு கடைசிவரை ஒரே அளவு பிந்தினால் அதே பிளேயரில் சரிசெய்யலாம். போகப்போக விலகல் கூடினால், பதியும்போதே படச் சட்டங்கள் (ஃப்ரேம்கள்) விடுபட்டிருக்கின்றன. மூல ஃபைல் கிடைத்தாலும் ஒலியைத் துண்டு துண்டாகத்தான் ஒட்ட வேண்டியிருக்கும்.

இந்த '4கே' பேச்சைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டு டிவி முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. வீடியோ கேசட்டில் குறுக்குவாட்டில் பதியும் நுணுக்கம் 240 வரி அளவுதான். அதை 3840க்கு 2160 என்று ஊதினால் கூடுவது ஃபைலின் கனம் மட்டும். இல்லாத புருவத்தையும் பல்லையும் கணினி தானாக வரைந்து வைக்கும், முகமே வேறு ஆளாகிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது 720க்கு 576, விநாடிக்கு 25 படம், இழுக்காத 4:3. பழைய படத்தில் ஒரு படச் சட்டம் இரண்டு பாதிகளாக, விநாடிக்கு 50 பாதிகளாக வருகிறது. ஒரு பாதியை வீசிவிட்டு வேலையை முடிக்கும் கடைகளில், கை ஆட்டினாலே படம் வெட்டி வெட்டிப் போகும். மூல ஃபைல் ஒன்று, போனில் பார்க்க எம்பி4 ஒன்று, இரண்டையும் வாங்குங்கள். எம்பெக்-2 மூல ஃபைல் நல்ல தரத்தில் இருந்தால் மணிக்கு 3 ஜிபி-க்குக் குறையாது. மூன்று மணி நேரக் கேசட்டை மொத்தமாக 700 எம்பி-யில் அடக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கருவியும் முக்கியம். கேசட் படத்தைக் கணினியில் பதியும் சில நூறு ரூபாய் யூஎஸ்பி கேப்சர் கருவிகள், டேப் கொஞ்சம் ஆடினாலும் படச் சட்டங்களைத் தவறவிடும். நான் வாங்கிய ஒன்றும் இதே ரகம். கால் மணி நேரம் தாண்டினால் ஒலியும் படமும் பிரிந்துவிடும். டேப்பின் ஆட்டத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். அப்படி என்றால் என்ன என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் கேசட்டோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் மாற்றிக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகே மீதியைக் கொடுங்கள். எத்தனை கேசட், என்ன லேபிள், எந்தத் தேதியில் திருப்பித் தருவார்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அம்மா, சட்டப்படி இது சேவைக் குறைபாடு. ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் செய்தி, பென்டிரைவ் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். குப்பையில் போட்டதாகச் சொன்னதை ஒரு செய்தியாகவே எழுதி வாங்கப் பாருங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். இதற்கிடையே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. 6,000 ரூபாயை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். கேசட்டுகளை இழந்ததற்கும் மன உளைச்சலுக்கும் தனித்தனியாக இழப்பீடு கேளுங்கள். 'கேசட்டுக்குக் கடை பொறுப்பல்ல' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் அந்த ஒரு வரியால் அவர்கள் தப்பிவிட முடியாது.

காமெடி விசிடிகள் நிறைய இருக்கின்றன. பிளேயர் கெட்டுவிட்டது. புது பிளேயர் தேட வேண்டுமா? – பண்ருட்டி

வேண்டாம். சிடி டிரைவ் உள்ள கணினியில் போட்டு, உள்ளே இருக்கும் .DAT ஃபைலை விஎல்சி-யில் திறங்கள், ஓடும். ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டால் பிளேயரே தேவையில்லை. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியும். லேபிள் பக்கத்தில் கீறல் விழுந்து வெளிச்சம் ஊடுருவினால் அங்கே வெள்ளிப் பூச்சே போய்விட்டது. அதைச் சரிசெய்கிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.