த்ரெஷர் நீர்மூழ்கிக் கப்பல் 1963இல் ஏன் மூழ்கியது? அதன் அணு உலை வெடித்துவிட்டதா?

இல்லை, உலை வெடிக்கவில்லை. கப்பல் ஆழத்தில் இருந்தபோது, சக்தி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், உலை நின்றுபோயிருக்கிறது. கடற்படையின் விசாரணை மன்றம் வந்து சேர்ந்த இடம் அதுதான். 'அணு' என்று கேட்டதும் நம் மனம் வெடிப்பை நினைத்துவிடுகிறது. ஆனால் இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியவை குழாய் இணைப்புகளும் ஒரு சின்ன வடிகட்டியும்.

குழாய் இணைப்புகளை அல்ட்ராசானிக் கருவியால், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். பயிற்சி வகுப்பில் எங்களுக்கு முதலில் சொன்ன விபத்து இது. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படித்துவருகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

த்ரெஷர் அமெரிக்கக் கடற்படையின் கப்பல். மெய்ன் மாநிலத்துக் கிட்டெரியில் உள்ள போர்ட்ஸ்மத் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் 1958 மே மாதம் கட்டத் தொடங்கினார்கள். 1960 ஜூலையில் நீரில் இறக்கி, 1961 ஆகஸ்ட் 3 அன்று பணியில் சேர்த்தார்கள். த்ரெஷர் என்பது நீண்ட வால் கொண்ட ஒரு சுறா இனத்தின் பெயர். முன்பக்கம் முழுவதையும் சோனார் கோளத்துக்கு (ஒலியை வைத்து மற்றக் கப்பல்களைக் கண்டறியும் கருவி) ஒதுக்கி, டார்பிடோ குழாய்களை நடுப்பகுதிக்குத் தள்ளியிருந்தார்கள். எந்திரங்களின் அதிர்வு வெளியே கேட்காமலிருக்க அவற்றைத் தனி மேடையில் அமர்த்தியிருந்தார்கள். 1,300 அடி, அதாவது ஏறக்குறைய 400 மீட்டர் ஆழம் வரை போகலாம். அதே வடிவமைப்பில் ஒரு வரிசையே வரவிருந்தது. அதில் முதல் கப்பல் இது.

பணியில் சேர்ந்த மூன்றாவது மாதத்திலேயே ஒரு சம்பவம் நடந்தது. 1961 நவம்பரில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் உலையை நிறுத்திவிட்டு டீசல் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் பழுதானது. சுமை முழுவதும் பேட்டரிக்குப் போனது. உலையைத் திரும்ப இயக்கவும் மின்சாரம் வேண்டுமே! இயக்கி முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. காற்றோட்டம் நின்று, எந்திரப் பகுதியில் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறியது. கவல்லா என்ற பழைய டீசல் நீர்மூழ்கி பக்கத்தில் வந்து மின்சாரம் கொடுத்த பிறகுதான் உலை மறுபடி ஓடியது. துறைமுகத்தில் நடந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உலை ஒருமுறை நின்றுவிட்டால் இந்தக் கப்பல் எவ்வளவு பலவீனமாகிவிடும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

சரி, குழாய்களுக்கு வருவோம். கடல்நீர் ஓடும் குழாய்கள் உட்பட ஏறக்குறைய 3,000 இணைப்புகளைச் சில்வர் பிரேசிங் முறையில் செய்திருந்தார்கள். குழாயை இணைப்புத் துண்டுக்குள் நுழைத்து, சூடாக்கி, வெள்ளிக் கலவையை உருக்கி இடுக்குக்குள் இறங்க விடுவார்கள். வெளியே அழகான ஒரு வளையம் தெரியும். உள்ளே கலவை முழுவதும் பிடித்திருக்கிறதா, பாதிதான் பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டிப் பார்த்தாலும் தெரியாது. நீர் அழுத்தச் சோதனையில்கூடப் பாதி பிடித்த இணைப்பு தாங்கிவிடும். அதனால்தான் அல்ட்ராசானிக் சோதனை தேவைப்பட்டது. அந்தத் துறையில் அது அப்போது புதிது.

1962 ஜூலை முதல் அடுத்த ஏப்ரல் வரை த்ரெஷர் பராமரிப்புக்காகத் தளத்தில் நின்றது. அப்போது 145 இணைப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் சுமார் 14 சதவீதம் தரத்துக்குக் கீழே இருந்தன. மீதி ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சோதிக்காமலே கப்பல் கடலுக்குப் போனது. என் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஏழில் ஒன்று மோசம் என்று வந்தால் மொத்தத்தையும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

1963 ஏப்ரல் 10 காலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையிலுள்ள கேப் காடுக்குக் கிழக்கே சுமார் 220 மைல் தூரத்தில் ஆழச் சோதனை. மேலே ஸ்கைலார்க் என்ற மீட்புக் கப்பல் துணைக்கு நின்றது. த்ரெஷரில் 129 பேர். அவர்களில் 17 பேர் சிவிலியன்கள். கப்பல் கட்டும் தளத்தின் ஆட்களும் அதில் உண்டு. தளபதி ஜான் வெஸ்லி ஹார்வி, உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸில் வேலை பார்த்த அனுபவசாலி. 9:13 மணிக்குக் கீழேயிருந்து செய்தி வந்தது. சின்னச் சிக்கல், மூக்கு மேல்நோக்கி இருக்கிறது, பேலஸ்ட் தொட்டிகளில் உள்ள நீரைக் காற்று ஊதி வெளியேற்ற முயல்கிறோம் என்று. அழுத்தக் காற்று பாயும் சத்தம் ஸ்கைலார்க்கில் கேட்டது. அப்புறம் தெளிவில்லாத சில சொற்கள். 9:18க்குக் கப்பல் நொறுங்கும் ஒலி கடலடி ஒலிவாங்கிகளில் பதிவானது. அந்த இடத்தில் கடலின் ஆழம் 8,400 அடி.

விசாரணை மன்றம் ஊகித்தது இது: எந்திர அறையில் ஒரு கடல்நீர்க் குழாய் இணைப்பு விட்டிருக்கலாம். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 40 கிலோ அழுத்தம். பீறிட்ட நீர் மின்பலகைகளில் பட்டு, உலை தானாக நின்றிருக்கலாம். உலை நின்றால் எந்திரத்தை ஓட்டும் நீராவி போகும் குழாயை அடைத்துவிட வேண்டும் என்பது அன்றைய விதி. மிச்சமிருக்கும் வெப்பத்தை வைத்துச் சில நிமிடம் ஓட்ட வழி விடவில்லை. திரும்ப இயக்கவும் பல நிமிடங்கள் பிடிக்கும்.

கடைசி வழி, பேலஸ்ட் தொட்டிகளில் காற்றை ஊதி மேலே எழுவது. அதுவும் கைவிட்டது. அழுத்தக் காற்று விரியும்போது குளிரும். ஈரப்பதம் இருந்தால் உறையும். விபத்துக்குப் பிறகு அதே வகைக் கப்பலான டினோசாவில் கரையோரத்தில் வைத்து ஊதிப் பார்த்தார்கள். குப்பையைத் தடுக்க வைத்திருந்த வலை வடிகட்டியில் பனிக்கட்டி படிந்து, சுமார் அரை நிமிடத்தில் காற்று அடைபட்டுவிட்டது.

குழாய் விட்டது என்பதை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த சிலர், நொறுங்கும் வரை உள்ளே நீர் புகவே இல்லை, மின்கோளாறால்தான் உலை நின்றது என்கிறார்கள். இரண்டில் எது சரியானாலும் உலை நின்றதும் காற்று அடைபட்டதும் மாறவில்லை. அணுசக்திக் கடற்படையை உருவாக்கிய அட்மிரல் ரிக்கோவரும் ஒரு இணைப்பின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள், வடிவமைப்பு, கட்டுமானம், பரிசோதனை எல்லாவற்றையும் பாருங்கள் என்றுதான் சொன்னார்.

இரண்டே மாதத்தில், 1963 ஜூனில், சப்சேஃப் என்ற திட்டம் வந்தது. கடல் அழுத்தத்தைத் தாங்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் எந்த உலோகம், யார் இணைத்தார், யார் சோதித்தார் என்ற ஆதாரம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆழத்துக்கு அனுமதி இல்லை. உலையை வேகமாகத் திரும்ப இயக்கும் முறையும், தனியான அவசரக் காற்று அமைப்பும் வந்தன. 1915 முதல் 1963 வரை போர் அல்லாத காரணங்களால் அமெரிக்கா 16 நீர்மூழ்கிகளை இழந்திருந்தது. அதற்குப் பிறகு இழந்தது ஒன்றே ஒன்று: 1968இல் 99 பேருடன் போன ஸ்கார்பியன். அதற்குச் சப்சேஃப் சான்றிதழ் கிடையாது.

கப்பல் இப்போது பல துண்டுகளாகக் கடலடியில் கிடக்கிறது. 1963லேயே ட்ரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலம் இறங்கி, '593 போட்' என்று குறியிட்ட ஒரு குழாய்த் துண்டை எடுத்து வந்தது. 593 த்ரெஷரின் எண். பின்னாளில் டைட்டானிக்கைக் கண்டுபிடித்த ராபர்ட் பல்லார்ட், அதற்கு முன் கடற்படைக்காக இந்த இடத்தையும் ஆராய்ந்தார். உலையைப் பொறுத்தவரை, சுற்றிலும் எடுத்த மண், நீர் மாதிரிகளில் எரிபொருள் கசிந்த அடையாளம் இல்லை. குளிர்விப்பு நீரிலிருந்து வந்த கோபால்ட்-60 மட்டும் படிவு மண்ணில் மிகக் குறைந்த அளவில் தென்பட்டிருக்கிறது.