உங்கள் பெயரில் வைஃபை என்றால் முதலில் இதைச் செய்யுங்கள்

தம்பி, கோலாலம்பூர் செந்தூலில் ஆறு பேர் சேர்ந்து வீடு எடுத்து, இணைப்பை உங்கள் பெயரில் வாங்கியிருக்கிறீர்கள். இரவில் ஊருக்கு வீடியோ கால் போட்டால் அம்மாவின் முகம் உறைந்து நிற்கிறது, ரௌட்டரில் எதை மாற்றலாம், எந்தக் கம்பெனி பிளான் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். பிளானை விடுங்கள், உங்கள் கட்டடத்துக்கு எது வருகிறதோ அதுதான்.

‘என் பெயரில்’ என்று எழுதினீர்களே, எனக்குக் கவலை அதில்தான். இங்கே மலேசியாவில் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்றொரு பிரிவு 2012இல் நடைமுறைக்கு வந்தது. ஓர் இணைப்பிலிருந்து ஏதாவது வெளியிடப்பட்டால், அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே வெளியிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வேலை பெர்மிட்டில் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான் 2010இல் வந்தபோது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மேல்மாடியில் ஏழு பேர் இருந்தோம். பிறகு என் பெயரில் இணைப்பு வாங்கி, பாஸ்வேர்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். ஒரு நாள் ரௌட்டருக்குள் போய்ப் பார்த்தால் 23 கருவிகள்! வீட்டைக் காலிசெய்து ஆறு மாதம் ஆன ஒருவர் கீழே கடையில் உட்கார்ந்து எங்கள் வைஃபையில் படம் இறக்கிக்கொண்டிருந்தார். நம் ஊர்க்காரர்தான். ‘நம்ம ஆளுதானே, கொடுத்தா என்ன’ என்று பாஸ்வேர்டை அள்ளிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். எனக்கு அது இன்றும் பிடிக்காது. ஒருவர் வீட்டை விட்டுப் போனால் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அதற்கும் முன்னால் ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, ரௌட்டரின் அமைப்புகளைத் திறக்கும் இது வேறு. பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 அடித்தால் உள்ளே போகலாம். சரியான எண் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அட்மின் பாஸ்வேர்டைத் தெரிந்தவன் டிஎன்எஸ்ஸை (இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றி, பேங்க் முகவரி அடித்தால் போலிப் பக்கத்துக்கு உங்களைத் திருப்பப் பார்ப்பான். வைஃபைக்குப் பூட்டாக, அதாவது பாதுகாப்பு முறையாக, டபிள்யூபிஏ3 வையுங்கள், இல்லையென்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டனிலோ பின் எண்ணிலோ இணையவிடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணை ரௌட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் உடைத்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்துவிட்டது. விருந்தாளிக்கு கெஸ்ட் நெட்வொர்க் (அதே ரௌட்டரில் தனி வைஃபை) போதும்.

அப்புறம் அந்த உறையும் முகம். நாம் இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். பத்தரை ஆனால் ஊரில் எட்டு, ஆறு பேரும் ஒன்றாகக் கூப்பிடுவீர்கள். அதே நேரத்தில் யாரோ ஒருவரின் போன் பகலில் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அப்லோட்தான் அடைத்துக்கொள்கிறது. ரௌட்டரில் வரிசை நீண்டு, உங்கள் குரல் அதன் கடைசியில் நிற்கிறது. ரௌட்டரில் கியூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்று சொல்லும் அமைப்பு) இருந்தால் போடுங்கள். வேகத்தை அளந்து, அப்லோட் வரம்பை அதில் 85, 90 சதவீதமாக வையுங்கள். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுங்கள், ஆனால் சுவர் தாண்டினால் அது தளர்ந்துவிடும், ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் சேனல் 1, 6, 11இல் கூட்டம் குறைந்ததை எடுங்கள்.

எனக்கு அப்போது வீடியோ ஏது? பிரிக்பீல்ட்ஸ் கடையில் காலிங் கார்டு வாங்கி, நாணயத்தால் சுரண்டி எண் பார்த்து, மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிடுவேன். அம்மா பக்கத்து வீட்டு போனில் பேசுவாள். கார்டில் காசு தீரப்போகிறது என்று நடுவில் ஒரு குரல் வரும். உடனே அவள் ‘சாப்பிட்டியா’ என்று வேகமாகக் கேட்பாள், நான் பதில் சொல்வதற்குள் கட்டாகிவிடும்.